நீலக்குருவித் திருவிழா

அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தின் தெற்குக் குன்றுகளில் இருக்கும் ஹாலிஸ் ஃபோர்டில் நீலக்குருவியைப் பற்றி எதைக் கேட்டாலும், ஓப்பலைப் போய்க் கேள் என்பார்கள். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபத்தாறு வருஷம் உழைத்து ஓய்ந்தவள் அவள். கல்யாணம் ஆகவில்லை. டெல்மர் என்ற பண்ணைக்காரரின் மேய்ச்சல் நிலத்து வேலிக்கால்களில் நாற்பத்திரண்டு மரப்பெட்டிகளைத் திருகாணியால் முடுக்கி வைத்து, பதினான்கு வருஷமாக வாரம் ஒரு முறை திறந்து பார்த்து வந்தாள். பட்டமரங்களையெல்லாம் ஊரார் வெட்டித் தள்ளிய பிறகு முட்டையிடப் பொந்தில்லாமல் போய்விட்ட பறவை, அவளுடைய பெட்டிகளை நம்பித் திரும்பி வந்திருந்தது.

அவள் தங்கை வாண்டாவுக்கும் நீலக்குருவி என்றால் உயிர்தான். ஆனால் அது வேறு குருவி. வாண்டா கடைத்தெருவில் பரிசுப் பொருள் கடை வைத்திருந்தாள். கண்ணாடியில் நீலக்குருவி, காப்பிக் குவளையில் நீலக்குருவி, கல்யாண வாழ்த்து அட்டையில் நாடாவைக் கவ்விக்கொண்டு பறக்கும் நீலக்குருவி. பாடல்களிலும் படங்களிலும் அது சந்தோஷத்தின் பறவை. வீட்டில் ஒன்று இருந்தால் நல்லது நடக்கும் என்று வாங்குகிறவர்களும் நம்பினார்கள். நெடுஞ்சாலை ஊரைத் தொடாமல் திசைமாறிப் போனதில் களையிழந்து கிடந்த ஊருக்கு ஒரு திருவிழா வேண்டும் என்று ஊர்ச்சபையில் எழுந்து பேசி, அதை நடத்தியும் காட்டியவள் வாண்டாதான்.

முதல் வருஷமே கடைத்தெரு முழுக்க முன்னூறு குருவி வீடுகள் தொங்கின. பள்ளிப் பிள்ளைகள் வண்ணம் அடித்தவை. ஒவ்வொன்றின் வாசலிலும் உட்கார ஒரு குச்சி. வருகிறவர்கள் படம் பிடிப்பதற்காக நடைபாதையில் தினமும் நொய்ச்சோளம் இறைத்தார்கள்.

ஓப்பல் அன்றைக்கே தங்கையின் கடைக்குப் போய்ச் சொன்னாள். நீலக்குருவி தெருவுக்கு வராது. அதற்குப் புல்வெளி வேண்டும், புழு வேண்டும். சோளத்துக்கும் குச்சிக்கும் வருவது சிட்டுக்குருவிதான், அது பெருகினால் வேலிப் பெட்டிகளுக்குள் நுழைந்துவிடும் என்றாள்.

"அதுவும் குருவிதானே, ஓப்பல்? வந்துட்டுப் போகட்டும்," என்றாள் வாண்டா.

"ஐரோப்பாவுலேர்ந்து கப்பலேறி வந்த குருவி. இந்த ஊருக் குருவியக் கொல்லும்."

"நாமளும் கப்பலேறி வந்தவங்கதான்," என்று வாண்டா சொன்னதும் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓப்பல் சிரிக்கவில்லை.

இரண்டு வருஷம் போனது. மூன்றாம் வருஷம் ஏப்ரலில் பதினேழாம் பெட்டியைத் திறந்தபோது உள்ளே வைக்கோலும் கோழி இறகும் அடைத்திருந்தன. நீலக்குருவி அப்படிக் கட்டாது. கையைவிட்டுக் களைந்தாள். அடியில் தாய்க்குருவி கிடந்தது. மண்டையைக் கொத்திக் கொன்றுவிட்டு, பிணத்தின் மேலேயே கூடு கட்டியிருந்தது சிட்டுக்குருவி. அதன் கீழே ஐந்து முட்டைகள், வெளிறிய வானத்தின் நிறத்தில், குளிர்ந்து போய். அந்த மாதத்தில் அப்படிப் பத்தொன்பது பெட்டிகள்.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பெட்டிக்குள் பொறி வைத்தாள். சிக்கிய சிட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகிப் பையில் போட்டாள். பறவைகளுக்காகவே வாழ்ந்தவள், முதல் நாள் வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே நின்றாள், சோப்பு கரைந்த பிறகும். மறுவாரமும் போனாள்.

திருவிழாவுக்கு முன்கூட்டியே வந்திருந்த ஒரு வெளியூர்ப் பெண் சாலையில் காரை நிறுத்தி, அவள் சிட்டைக் கொல்வதைப் படம் பிடித்துவிட்டாள். வட்டாரப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது: ஓப்பலின் முகம், அவள் முஷ்டி, அதற்குள்ளிருந்து தொங்கும் ஒரு சிறகு.

பத்திரிகையும் கையுமாக வாண்டா வந்தாள்.

"வேலியோரமா நின்னு, ஊரே பாக்கக் கொல்றியா?"

"ஊரே பாக்கல. ஒருத்திதான் பாத்தா. பெட்டிக்குள்ள செத்துக் கெடந்ததுங்கள அவ பாக்கல."

"சந்தோஷத்துக்குன்னு ஒரு விழா நடத்துறேன்டி. உனக்கு அது பொறுக்கல. சின்ன வயசிலேர்ந்தே பொறுக்கல. எனக்கு எது நல்லா அமைஞ்சாலும் அதுல ஒரு செத்த பறவையக் கொண்டாந்து போடுவ."

ஓப்பலுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. அம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷத்தில் வாண்டா எத்தனை முறை வந்தாள் என்பதிலிருந்து தொடங்கலாம். தொடங்கினால் முடியாது என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் டெல்மர் வந்து, தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே நின்றார். விழாக் குழு அவருடைய மேய்ச்சலைக் கார் நிறுத்தக் கேட்டிருக்கிறதாம். வேலியில் பிள்ளைகளின் வண்ண வீடுகளை மாட்டப் போகிறார்களாம். அவளே பெட்டிகளை எடுத்துக்கொண்டால் நல்லது என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. முடிவில் மாற்றம் இல்லை.

குஞ்சு இருந்த பெட்டிகளை மட்டும் அவை பறக்கும்வரை விடச் சொல்லிக் கெஞ்சினாள். அந்த ஒன்றை மட்டும் டெல்மர் செய்தார். மே கடைசியில் திருப்புளியோடு போய் நாற்பத்திரண்டையும் கழற்றினாள். எல்லாவற்றையும் கொட்டகையில் அடுக்கி, ஓட்டைகளைத் தகரத்தால் அடைத்தாள். சிட்டுக்குருவிக்கும் இடமில்லை.

ஜூனில் திருவிழா. ஊர்வலத்து வண்டியில் நீல இறக்கை கட்டிய சிறுமிகள் கையசைத்துப் போனார்கள். மத்தியானத்தில் வாண்டா ஓப்பலின் வாசலுக்கு ஓடி வந்தாள், முகமெல்லாம் வியர்வை. நகரத்திலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். பொம்மை போதும், நிஜக் குருவி ஒன்றைக் காட்டுங்கள் என்கிறார்கள். ஊர் பூராவும் தேடியாயிற்று.

"ஒண்ணே ஒண்ணு போதும், ஓப்பல். எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்."

ஓப்பலுக்குத் தெரியும். பாப்டிஸ்டுத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துப் பின்மதிலோரம், உளுத்த ஆப்பிள் மரப் பொந்தில், ஒரு ஜோடி நான்கு குஞ்சுகளோடு இருந்தது. நேற்றுக் காலையில்கூட ஆண்குருவி வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு நுழைந்ததைப் பார்த்திருந்தாள்.

"இல்ல," என்றாள்.

"பொய் சொல்ற."

"ஆமா."

"நீ செத்தா உன் கல்லறைக்கு வர ஒரு ஆள் இருக்காது, தெரியுமா?" என்றாள் வாண்டா. குரல் உடைந்திருந்தது. படியிறங்கிப் போனாள். அதன் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

தன்னை யாராவது பின்தொடர்வார்கள் என்ற பயத்தில் ஓப்பல் அந்தக் கோடை முழுவதும் கல்லறைத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. செப்டம்பரில் போனபோது பொந்து காலியாக இருந்தது. குஞ்சுகள் பறந்து போயினவா, பாம்பு தின்றுவிட்டதா என்று காட்டும் அடையாளம் எதுவும் அதில் இல்லை.