அட்டைச் சக்கரம் ஏறிய படிகள்

ப்ரூயெட் கம்பெனி முப்பது வருஷம் குதிரை வண்டி செய்தது; மூன்று வருஷமாகத்தான் கார் செய்கிறது. அந்தக் காரில் பல்சக்கரமே கிடையாது. இன்ஜின் ஒரு இரும்புத் தட்டைச் சுழற்றும். தட்டின் முகத்தில் ஒரு சின்னச் சக்கரம் விளிம்பால் அழுந்தி நின்று, அந்த உரசலிலேயே கூடச் சுழலும். சக்கரத்தைத் தட்டின் நடுவுக்கு அருகே தள்ளினால் கார் மெதுவாக, ஆனால் முழு பலத்தோடு போகும். ஓரத்துக்கு நகர்த்தினால் பறக்கும். நடுவைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோனால் பின்னால் வரும். இவ்வளவுதான் சூட்சுமம்.

இரும்பைப் பற்றிக்கொள்வது அந்தச் சக்கரத்தைச் சுற்றியுள்ள அட்டை வளையம். வைக்கோல் அட்டையை வட்டமாக வெட்டி, அடுக்கி, கல்போல் இறுகும்வரை அழுத்தி அதைச் செய்பவள் லெவினா ஸ்ட்ரௌட். அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் முழுக்க அந்தக் காருக்கு வைத்த பெயர், காகிதக் கார்.

1909 மே மாதம் ஒரு காலை, கோர்ட்டு வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. கோர்ட்டின் பதினான்கு படிகளையும் ஏறிக் காட்டினால் நாற்பது கார் எடுப்பதாக செயின்ட் லூயிஸ் வியாபாரி விட்காம் சொல்லியிருந்தார். ஏறாவிட்டால் திங்கட்கிழமை முதல் மறுபடி குதிரை வண்டிதான் என்றார் முதலாளி. குதிரை வண்டியில் அட்டை வளையத்துக்கு வேலையில்லை. அதனால் லெவினா தானே ஓட்ட உட்கார்ந்தாள்.

மூன்றாம் படியில் இன்ஜின் உறுமியது, கார் நகரவில்லை.

"அட்டை நனைஞ்சிருச்சு போல. வெயில்ல காயப் போடும்மா" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

பிரேக்கைப் பிடித்துப் பிடித்து அவள் காரைக் கீழே இறக்கினாள். அடிப்பலகையைத் தூக்கினாள். தட்டு பளபளத்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"யாரு இதுல கிரீஸ் போட்டது?"

கம்பெனியின் மூத்த வண்டிக் கொல்லர் ஆம்ப்ரோஸ் டில் தொப்பியைக் கழற்றினார். "நான்தாம்மா. இன்னிக்கு முக்கியமான நாளாச்சேன்னு நிறையவே தடவினேன். சுத்துறதுக்கெல்லாம் கிரீஸ் போடணும்ல?"

"இது ஒண்ணு மட்டும் வழுக்கக் கூடாது ஆம்ப்ரோஸ். பிடிக்கணும்."

அவர் முகம் சுண்டிப்போனது. விட்காம் கடிகாரத்தை வெளியே எடுத்தார். "எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு மிஸஸ் ஸ்ட்ரௌட். மத்த கார்ல பல்சக்கரம் உடைஞ்சா சரிபண்ண ஒரு வாரம் கேப்பாங்க. உங்களுக்கு எவ்வளவு?"

"கால் மணி நேரம். ஆம்ப்ரோஸ், பெட்ரோலும் துணியும் எடுங்க. தடவின கையாலயே துடைங்க."

அவர் தட்டைத் துடைத்துத் துடைத்துக் காயவிட்டார். அவள் ஆறு போல்ட்டைக் கழற்றி, கிரீஸ் ஊறிய வளையத்தை உருவி எறிந்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து புது வளையத்தை எடுத்து மாட்டி முடுக்கினாள். பன்னிரண்டு நிமிஷம்.

நெம்புகோலால் சக்கரத்தைத் தட்டின் நடுவுக்கு ஒட்டினாற்போல் நகர்த்தினாள். அட்டை இரும்பைக் கவ்வியது. கார் ஒவ்வொரு படியாக முக்கி ஏறியது. பதினான்காம் படியில் நிறுத்தி, கோர்ட்டுக் கதவைக் கையால் தொட்டாள். பிறகு நெம்புகோலை நடுவைத் தாண்டித் தள்ளி, வந்த வழியே பின்னோக்கி இறங்கினாள்.

விட்காம் குனிந்து வளையத்தைத் தடவினார். "வெறும் அட்டைதானா?"

"ஆமா. நான் செஞ்ச அட்டை."

"நாப்பது கார். காருக்கு ரெண்டு வளையம் கூடுதலா வையுங்க."

"கிரீஸ் போடாதேன்னு ஒவ்வொண்ணுலயும் எழுதிடும்மா" என்றார் ஆம்ப்ரோஸ்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க. உங்களைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?"

அவர் சிரித்துவிட்டார். கெட்டுப்போன வளையத்தை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார்.

"காகிதக் காரு" என்றான் முதலில் கேலி செய்தவன்.

"ஆமா, எங்க காரு" என்றார் ஆம்ப்ரோஸ், நிற்காமலே.