யாருக்கும் இல்லாத அத்தை

எங்கள் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிற எல்லோருக்கும் ஓர் அத்தை உண்டு. அந்த அத்தைக்கு ஒரு தோட்டம் உண்டு. ஆங்கில வாய்மொழித் தேர்வுக்குப் போனால் அந்தத் தோட்டத்தைப் பற்றித்தான் பேசவேண்டும். எந்தக் காலத்திலோ யாரோ எழுதிப் பேசித் தேறிய பேச்சு அது. சீனியர் அக்காக்கள் எங்களுக்குக் கொடுத்தார்கள். தேர்வாளர் கேட்கிற கேள்விகளும் மாறியதே இல்லை: என்ன மரம், என்ன பூ, யார் தண்ணீர் ஊற்றுவது. அதற்கான பதில்களும் மனப்பாடம். இதற்குப் பெயர்தான் ஆங்கிலப் படிப்பாம்!

அதிலும் நான் இரண்டு தடவை மண்ணைக் கவ்வினேன். முதல் தடவை மாமரத்தடியில் நாக்கு நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன், திரும்பவும் அதே மாமரம். அடுத்த தடவை தேர்வாளர் கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்டுத் தொலைத்தார். யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றதற்கு, "சிவப்பு ரோஜா" என்றேன்.

இந்தத் தடவையும் தேறாமல் போனால் பட்டம் கிடையாது. பட்டம் இல்லையென்றால் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலையும் கிடையாது. அங்கே பயிற்சிக்குப் போயிருந்தபோது, "ரிசல்ட்டோட வாம்மா, இந்த மேசை உனக்குத்தான்" என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த மேசையை யாருக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

"எனக்கு அத்தை வேண்டாம்டி. லேப்ல நான் செஞ்ச வேலையைப் பத்திப் பேசப்போறேன்," என்று கேன்டீனில் சொன்னேன்.

"சொந்தமாவா? இங்கிலீஷ்லயா?" என்றாள் ரேடியோ. எதைக் கேட்டாலும் அப்படியே ஒப்பிப்பாள், அதனால் அந்தப் பெயர். "உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? அது பாஸ் பண்றதுக்கான பாடம், பேசறதுக்கு இல்ல."

அங்கேயே பேசிக் காட்டினேன். வாயைத் திறந்ததுதான் தாமதம், "மகாராணி வந்துட்டாங்க, எந்திரிங்கடி!" என்று பக்கத்து மேசை எழுந்தது. எங்களிடம் இது ஒரு வழக்கம். தேர்வறைக்கு வெளியே யாராவது ஆங்கிலம் பேசினால் மொத்தப் பேரும் எழுந்து நின்று வணக்கம் வைப்பார்கள். பேசியவள் கூனிக் குறுகி வாயை மூடுவாள். எனக்கு முகம் ஜிவ்வென்று சூடேறியது.

"நில்லுங்க, கால் வலிக்கிற வரைக்கும் நில்லுங்க. நான் நிறுத்தமாட்டேன்," என்றேன். நிறுத்தவும் இல்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் பேசினேன். போகப்போக எழுந்து நிற்க அவர்களுக்கே அலுத்துவிட்டது.

அம்மா வீட்டிலேயே துணி தைப்பவள். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. மெஷினுக்கு எதிரே என்னை உட்காரவைத்து, "ம், பேசு. நீ நிறுத்தினா நானும் மிதிக்கறதை நிறுத்திடுவேன். நாளைக்குக் குடுக்கவேண்டிய துணி, பார்த்துக்கோ," என்றாள். எனக்குச் சொல் கிடைக்காதபோதெல்லாம் மெஷின் நின்றுவிடும். அம்மா என்னையே பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து, தெரிந்த சொற்களை வைத்துச் சுற்றிவளைத்தாவது கரை சேர்ந்துவிடுவேன்.

தேர்வு நாளன்று கருத்தரங்கு அறையில் தேர்வாளர் முன்னால் உட்கார்ந்திருந்தார். காத்திருந்த நாங்கள் பின் பெஞ்சில். எனக்கு முன்னால் போன ரேடியோ அத்தையின் தோட்டத்தைப் பிசிறில்லாமல் ஒப்பித்தாள். அவர் பாதி கண்ணை மூடிக்கொண்டு மரம் கேட்டார், பூ கேட்டார், மதிப்பெண் போட்டார்.

நான் போய் நின்றேன். "ஐ வில் டாக் அபவுட் வாட்டர்," என்றேன்.

அவர் கண் முழுசாகத் திறந்தது. குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு வைப்பது நிறம் தெளிவாகத் தெரிவதற்கு என்று சொன்னேன். தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கச் சொட்டுச் சொட்டாக மருந்து விடும்போது சிவப்பு நீலமாக மாறுகிற அந்த ஒரு சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைச் சொன்னேன். தப்பும் தவறுமாகத்தான் சொன்னேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

முடித்தேன். கேள்வி வரவில்லை. தேர்வாளர் முன்னாலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மரமும் இல்லை, பூவும் இல்லை, பாவம், மனிதர் என்னத்தைக் கேட்பார்! இத்தனை வருடமாக அவரும் மனப்பாடமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கேள்வி பதில் இல்லாமல் மதிப்பெண் போடமாட்டார்கள்.

"ஆஸ்க் மீ, சார். எனி கொஸ்டின். ப்ளீஸ்."

அவர் தொண்டையைச் செருமினார். "மை ஹவுஸ்... வாட்டர்..." என்று ஆரம்பித்து நின்றார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, வீட்டுத் தண்ணீர் காலையில் நாறுகிறது, குடிக்கலாமா என்று கேட்டார்.

"ஆல் டேப்? ஆர் ஒன் டேப்?"

"ஒன்லி கிச்சன்."

அப்படியென்றால் நாற்றம் கழிவுக்குழாயிலிருந்தும் வரலாம், தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வெளியே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள் என்றேன். அப்போதும் நாறினால் குடிக்காதீர்கள், சுத்தமான பாட்டிலில் பிடித்து லேபுக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொல்வதற்குக் கையையும் மூக்கையும் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது.

"விச் லேப்?"

"மை லேப், சார்."

"யுவர் லேப்?"

"யூ கிவ் பாஸ், மை லேப். நோ பாஸ்..." இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "நோ பாஸ், நாட் மை லேப்."

தேர்வாளர் பேனாவை எடுத்து என் பெயருக்கு நேராக மதிப்பெண்ணை எழுதினார். தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தேறியிருந்தேன்.

பிறகு, லேப் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார். ஆங்கிலத்தில்தான் கேட்டார்.

"எய்ட் ஓ கிளாக், சார்," என்றேன். "ஐ வில் பீ தேர்."