ஆறு மணி நேரப் பதிவு

“பாட்டு நடுவுல விக்குது பாப்பா” என்று டமாரம் அண்ணன் ஒரு லேப்டாப்பை என் பழுதுபார்க்கும் மேஜையில் வைத்தார். இறந்துபோன என் அண்ணனுடையது. அவனும் டமாரமும் ஒன்பது வருடம் ஜோடியாக டிஜே பண்ணியவர்கள். “போன வாரம் கூட்டத்துக்கு முன்னாடி மூணு தடவை நின்னுடுச்சு. சாயங்காலம் மறுபடி மேடை. இன்னைக்கும் சொதப்புச்சுன்னா என்னை எவனும் கூப்பிட மாட்டான்.”

“வேற லேப்டாப் வச்சுக்கலாமேண்ணா?”

“இது அவன் தொட்டது.”

பாட்டு ஓட்டும் மென்பொருளைத் திறந்து, பக்கத்தில் பிராசசரின் வரைபடத்தையும் வைத்துப் பார்த்தேன். வேலையைப் பங்குபோட வேண்டிய நான்கு கோர்களில் மூன்று சும்மா படுத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் நூறு சதவீதத்தில் மூச்சுத் திணறியது. மல்டி கோர் வசதியை அண்ணன் எப்போதோ அணைத்து வைத்திருக்கிறான். பாட்டை ஓட்டுவது, புதிய கோப்புகளுக்குத் தாளவேகம் கணக்கிடுவது, எல்லாம் ஒரே தலையில். கணக்கிட வேண்டியதும் ஒரே ஒரு கோப்புதான். ஆறு மணி நேர நீளம். பெயர் இல்லை, தேதி மட்டும்.

அந்தத் தேதியை நான் எந்தக் காகிதத்திலும் எழுதுவதில்லை.

ஹெட்போனை மாட்டிப் பதிவை ஓட்டினேன். நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணன் மைக்கைத் தட்டி இருமினான். தூரத்தில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். “இதோ, ஒயர் வாங்கிட்டு வந்துடறேம்மா.” வண்டிச் சாவி. கதவு. பதிவை நிறுத்த மறந்துவிட்டான். பிறகு மின்விசிறி மட்டும்.

அடுத்து வருவது எனக்குத் தெரியும். இரண்டரை மணி நேரம் கழித்துக் கூடத்தில் போன் அடிக்கும். நான் எடுப்பேன். “ஆமா, தங்கச்சிதான்” என்பேன். அதன்பிறகு அம்மாவின் குரல்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அது எந்த நாளின் பதிவு என்று டமாரத்திடம் சொன்னேன்.

“அதை அழிச்சாத்தான் ஓடுமா?”

“அழிச்சா உடனே ஓடும்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

விரல் அழிக்கும் பொத்தான்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதை விட்டுவிட்டு மல்டி கோரை இயக்கினேன். பாட்டுக்கு ஒரு கோர், பதிவுக்கு இன்னொன்று. சோதனைக்குப் போட்ட பாட்டு ஓர் இடத்திலும் விக்கவில்லை.

“அப்ப அது?”

“அது பாட்டுக்கு அது ஓடட்டும்ணா.”

மாலையில் நானும் மேடைக்குப் போனேன். பாட்டுக்குப் பாட்டு சுத்தமாக மாறியது. கூட்டம் ஆடியது. டமாரம் ஒருமுறை திரும்பிச் சிரித்தார். நான் திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவரை அந்தப் பதிவின் தாளவேகக் கணக்கு பத்து சதவீதத்தைத் தாண்டியதில்லை. அதற்குள் பாட்டு நின்று, அவர் எல்லாவற்றையும் மூடிவிடுவார். இப்போது நாற்பத்தொன்று, பதிவில் இரண்டரை மணி நேரம் ஆகப்போகிறது. அந்த வெற்று அறையை லேப்டாப் தட்டையான கோடாக வரைந்துகொண்டே வந்தது.

கோட்டிலிருந்து ஒரு முள் எழுந்தது. அதே இடைவெளியில் இன்னொன்று. அன்று போனை நான் ஐந்தாவது மணியில்தான் எடுத்தேன். ஸ்பீக்கர் அதிர்வில் மேஜை நடுங்கியது. மூன்றாவது முள் எழுந்தது.