வாரத்துக்கு ஒரு மூலை

மேளச் சத்தம் தெருமுனை திரும்பிச் சன்னமாகிக்கொண்டிருந்தபோது கொல்லைப்புறத்தில் தண்ணீர் கொட்டும் ஒலி கேட்டது. கூடத்தில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்த திரௌபதிக்கு அது எந்தத் தண்ணீர் என்று உடனே தெரிந்துவிட்டது. குடத்துத் தண்ணீர் தடதடவென்று கொட்டும். இது களுக் களுக்கென்று விக்கி விக்கிக் கொட்டியது. புருஷனை எடுத்துப் போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து ஓடினாள்.

கொல்லையில் நாத்தனார் சொர்ணாம்பாள் இருபது லிட்டர் நீலக் கேன் ஒன்றைச் சாக்கடைக்குள் சாய்த்துப் பிடித்திருந்தாள். குடம், அண்டா, வாளி எல்லாம் ஏற்கெனவே கவிழ்ந்து கிடந்தன. கேனில் இருந்த கடைசிச் சொட்டும் போய்விட்டது. பக்கத்தில் இருந்த இன்னொரு கேனின் மூடியைத் திறக்கக் கை நீண்டது.

"அண்ணி, அது கடல் தண்ணி."

"கடலோ கெணறோ, சாவு எடுத்த வூட்டுல பழைய தண்ணி ஒரு சொட்டு இருக்கக் கூடாது. வூட்டக் கழுவி வுடணும்."

திட்டக்குடியிலிருந்து நேற்றிரவே வந்திறங்கிய சொர்ணாம்பாளுக்கு முறை என்றால் முறைதான். அவளோடு வாயாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. திரௌபதி வாயாடவில்லை. போய் அந்த இரண்டாவது கேனின் மேல் உட்கார்ந்துகொண்டாள். மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்கள், துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று உச்சுக்கொட்டினார்கள். கொட்டட்டும். எழுந்திருப்பதாக அவளுக்கு உத்தேசம் இல்லை.

அந்த இரண்டு கேன்களும் வெள்ளிக்கிழமை வந்தவை. தொழிற்பேட்டையில் செராமிக் கம்பெனி ஒன்றில் களிமண் சலிக்கிற அவள் புருஷன் பழமலை, லீவு போட்டுவிட்டுக் கடலூர் போய், கடலில் மொண்டு, கண்டக்டரோடு சண்டை போட்டு, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நடந்தார். ஐம்பத்தெட்டு வயதில் இது தேவையா? வந்ததும் நெஞ்சு கரிக்கிறது என்றார். டாக்டரிடம் போகலாம், கிளம்புங்கள் என்று இவள் செருப்பைக்கூட மாட்டிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம மணல் வேலய முடிச்சிடறேன். திங்கக்கெழம போலாம்," என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் மீன் தொட்டிக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டது. மணலுக்குக் காட்டிய கரிசனத்தில் கால்வாசியை அந்த மனுஷன் தன் நெஞ்சுக்குக் காட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நேற்றிலிருந்து திரௌபதிக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. எல்லோரும் ஒப்பாரி வைத்தபோது இவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மகன் அன்பரசன் படிக்கச் சென்னைக்குக் கிளம்பிய வருஷம் வந்த தொட்டி அது. மூன்றடிக் கண்ணாடி, கடல் தண்ணீர், அடியில் நாலு விரல் உயரத்துக்கு வெள்ளை மணல், ஆரஞ்சும் வெள்ளையுமாய் இரண்டு மீன்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பழமலை ட்யூபின் ஒரு முனையை மணலுக்குள் செருகி மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவார். தண்ணீர் ஏறியதும் முனையை வாளிக்குள் விட்டுவிட்டு ஓடிப்போய்க் கொல்லைச் செம்பருத்தியின் வேரில் துப்புவார். மணலுக்குள் தங்கிய கசடெல்லாம் வாளிக்கு வந்து சேரும். வாளி பிடிப்பது திரௌபதியின் உத்தியோகம். ஆறு நாள் களிமண்ணோடு மாரடித்தது போதாதென்று ஏழாவது நாளும் மண்ணா என்று வாராவாரம் கேட்பாள். செம்பருத்தி பட்டுப்போனதற்கும் சேர்த்துத் திட்டுவாள். அவரும் வாராவாரம் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"மொத்தமாக் கெளறினா அடியில கட்டியிருக்கிற விஷம் மேல வந்துரும், மீனு செத்துரும். வாரத்துக்கு ஒரு மூலதான்."

ஒன்பது வருஷமாக அது காதில் விழுந்ததே தவிர, தான் அதைக் கேட்டதில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கேன் மேல் உட்கார்ந்திருந்தவளின் மூக்கில் அழுகிய முட்டை நாற்றம் ஏறியது. திரும்பிப் பார்த்தாள். சொர்ணாம்பாளைக் கொல்லையில் காணவில்லை.

உள்ளே ஓடினாள். தெருக்குழாயில் பிடித்துவந்த புதுத் தண்ணீரையெல்லாம் கொட்டிக் கழுவிய கூடம் பளபளத்தது. சொர்ணாம்பாள் கையை முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் விட்டு, சொம்பால் மணலை அள்ளிக்கொண்டிருந்தாள். இடது மூலையில் கரும்புகை மாதிரி ஒன்று சுருண்டு எழுந்தது. இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"மணல அள்ளிட்டா லேசாயிடும், கவுத்துரலாம்னு பாத்தேன்," என்றாள் சொர்ணாம்பாள்.

"கைய எடுங்க அண்ணி."

சொர்ணாம்பாள் எடுத்தாள். திரௌபதி கதவுக்குப் பின்னாலிருந்து ட்யூபையும் வாளியையும் கொண்டுவந்து, வாளியை அவளிடம் நீட்டினாள்.

"இன்னிக்குப் போயி இதெல்லாம்..."

"ஒங்க தம்பி கடைசியாத் தூக்கியாந்த தண்ணி அது. ஒரு கேன சாக்கடையில ஊத்திட்டீங்க. இதையாச்சும் புடிங்க."

சொர்ணாம்பாள் வாளியைப் பிடித்தாள்.

இத்தனை வருஷத்தில் திரௌபதி ஒரு தடவைகூட உறிஞ்சியதில்லை. எவ்வளவு இழுக்க வேண்டும் என்று தெரியாமல் ஒரேயடியாக இழுத்துவிட்டாள். உப்பும் மணலும் நாற்றமுமாக வாய் நிறைந்துவிட்டது. முனையை வாளிக்குள் விட்டாள். கசடு கறுப்பாக இறங்கியது. துப்புவதற்கு இடம் தேடினாள். கால் வைக்கும் இடமெல்லாம் இப்போதுதான் கழுவிய தரை. வாளி பிடித்துப் பழகாத சொர்ணாம்பாளை நம்பி, மணலுக்குள் செருகிய முனையை விட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடவும் முடியாது. விழுங்கிவிட்டாள். இந்தக் கருமத்தையா அந்த மனுஷன் ஞாயிறு தவறாமல் வாயில் வாங்கினார்? அவர் எதிரே இருந்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பாள்.

எதிரே சொர்ணாம்பாள் இருந்தாள். இரண்டு கையும் வாளியில் இருந்ததால் அவளால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

வாளி இரண்டு தடவை நிறைந்தது. பிறகு இருவருமாக அந்த இரண்டாவது கேனைக் கூடத்துக்கு இழுத்துவந்தார்கள். திரௌபதி சொம்பில் சரித்துச் சரித்து, மணல் கலங்காமல் கண்ணாடியின் ஓரமாக ஊற்றினாள். தொட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஒரு மீன் கீழே இறங்கியது. கொஞ்சம் பொறுத்து மற்றதும் இறங்கியது.

"அந்தப் பக்கமும் அழுக்காத்தான் இருக்குது. அதையும் எடுத்துரலாமா?" என்றாள் சொர்ணாம்பாள்.

"வேணாம் அண்ணி. வாரத்துக்கு ஒரு மூலதான். அது அடுத்த ஞாயித்துக்கெழம."

வாசலில் சுடுகாட்டுக்குப் போனவர்களின் குரல் கேட்டது. கால் கழுவத் தண்ணீர் எங்கே என்று அன்பரசன் கேட்டான். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. சொர்ணாம்பாள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு விரைந்தாள்.

திரௌபதி கொல்லைக்குப் போய்ச் சாக்கடை ஓரம் கிடந்த காலிக் கேனை எடுத்தாள். முந்தானையால் துடைத்து, மூடியைத் தேடி எடுத்து இறுக்கித் திருகினாள். வந்தவர்களின் செருப்புகளை விலக்கி அதை வாசல் கதவோரம் நிறுத்தினாள். கடலூர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மறக்காமல் எடுப்பதற்காக, முந்தின நாள் ராத்திரியே அவர் வைக்கிற இடம் அது.