துணி அறையில் இரண்டு பேர்

...சாவி கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா, சொன்னால் நம்புவாள், எது சொன்னாலும் நம்புகிறவள்தான், ஆனால் சாவி கையிலேயே இருக்கிறது, கூட வேலை செய்யும் சுருட்டை அதையே பார்த்தபடி பின்னால் நிற்கிறாள், வேறு வழியில்லாமல் இவள் பூட்டைத் திறந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பின்பக்கத்துத் துணி அறை. வெளுத்து மடித்த பெட்ஷீட்டுகள் கூரைவரை, பிளீச்சிங் பவுடர் வாசனை, ஆள் உட்கார ஒரு மூலை. சாப்பாட்டு நேரத்தில் இவள் ஜெபிக்கும் இடம், அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். இஸ்திரி எந்திரத்தின் எதிர்ப்பக்கம் நின்று துணியின் மறுமுனையைப் பிடிக்கும் சுருட்டையிடம் கொஞ்சம் கூடுதலாகவே. கூடப் பொறந்தவங்ககிட்ட பேசற மாதிரி ஆண்டவர்கிட்ட பேசுவேன் சுருட்டை, எதையும் மறைக்க மாட்டேன்... பொய்யில்லை, ஒரு காலத்தில் அப்படித்தான். இப்போது தாழ்ப்பாள் போட்டதும் தூக்கம், தூக்கம் வராத நாளில் போன்.

ஜெபம் எப்போது நின்றது? சண்டையில்லை, சாவில்லை, கேட்டது கிடைக்காத கோபமும் இல்லை. சொல்லத் தொடங்கிய பிறகுதானோ? காலையில் ஜெபித்ததை மத்தியானம் சுருட்டையிடம் சொன்னாள், அவள் கண் விரியக் கேட்டாள், பிறகு சொல்வதற்காக ஜெபித்தாள், பிறகு ஜெபிக்காமலே சொல்ல வந்துவிட்டது. அக்காவுக்குப் போன் பண்ண வேண்டும், நாளைக்குப் பண்ணலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் வெட்கத்தாலேயே பண்ணாமல் விடுவதுபோல.

அதெல்லாம் இன்று காலைவரை உறுத்தவில்லை. தன் மார்பில் இருக்கும் கட்டியின் ரிசல்ட் சாயங்காலம் வந்துவிடும் என்றாள் சுருட்டை, எந்திரச் சத்தத்துக்கு மேலே, துணியின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே. ஜெபிக்கிறேன் என்று இவள் வாயெடுத்தாள். "எனக்காகப் பண்ண வேண்டாங்க்கா. நீங்க பேசறப்ப நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன். எப்படிப் பேசறதுன்னு பாத்துக்கறேன்." வேறு எதையாவது கேட்டிருக்கக் கூடாதா, நல்லவர்களுக்கு ஏன் கஷ்டம், செத்த பிறகு என்ன, எல்லாவற்றுக்கும் பதில் நாக்கு நுனியில் இருக்கிறது.

"இதான் உங்க இடமா?" மூலையில் இருந்த துணிக்கட்டின் நடுவே வட்டமாக ஒரு பள்ளம். தலை வைத்த பள்ளம், யார் பார்த்தாலும் தெரியும். "இவ்ளோ பள்ளம் விழற அளவுக்கு முட்டி போட்டா முட்டி என்னத்துக்கு ஆகும்க்கா?" கிண்டலா, நிஜமாகவே நம்புகிறாளா? முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உட்கார் என்றாள். இருவரும் உட்கார்ந்தார்கள், கண்ணை மூடினார்கள். சபையில் எழுந்து நின்றால் தங்கு தடையில்லாமல் ஓடும் ஜெபம் ஒன்று உண்டு, இந்த நல்ல வேளைக்காக நன்றி ஆண்டவரே என்று தொடங்கும், அதைத் தொடங்கினால் போதும், மற்றது தானாக வரும், ஆனால் எது நல்ல வேளை? அதைக் கேட்டு இதுதான் பேசுவது என்று சுருட்டை மனதில் வாங்கிக்கொண்டால்? அதையே எடுத்துக்கொண்டு சாயங்காலம் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால்? உண்மையைச் சொன்னால் மட்டும்? அப்ப எல்லாம் கதைதானாக்கா என்பாள், என்னைச் சொன்னால் பரவாயில்லை, ஆண்டவரையும் சேர்த்தல்லவா தூக்கிப் போட்டுவிடுவாள்... பக்கத்தில் மூச்சுச் சத்தம். காத்திருக்கிறாள். உள்ளே தேடினாள், ஒரு சொல்லாவது, பழைய சொல்லாவது. பெட்ஷீட்டின் சூடு முதுகில் ஏறியது, வெட்கங்கெட்ட தூக்கம்கூட எட்டிப் பார்த்தது.

"ஒண்ணும் வரல" என்றாள். தன் குரல்தானா? "ரொம்ப நாளாவே வரல. இங்க தூங்கத்தான் வரேன். இவகிட்ட என்னென்னமோ சொல்லி வச்சிருக்கேன். இப்ப என்ன பண்றதுன்னு தெரியல."

போயிற்று, எல்லாம் போயிற்று. இப்போது எழுந்து போவாள், கதவுச் சத்தம் கேட்கும். கேட்கவில்லை.

"எனக்கும் ஒண்ணும் வரல" என்றாள் சுருட்டை, தாழ்ந்த குரலில். "பயமா இருக்கு. சின்னவ இப்பத்தான் ரெண்டாவது படிக்கிறா. அவளுக்குத் தலை பின்னக்கூட வராது."

கண்ணைத் திறந்து பார்த்தாள். சுருட்டையின் கண்கள் மூடியே இருந்தன. முகம் இவள் பக்கம் இல்லை, எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்து இருந்தது, மிக அருகில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோல உதடு அசைந்துகொண்டிருந்தது. ஐயோ, இதுதான் ஜெபம் என்று நினைத்துவிட்டாளா, தடுக்க வேண்டும், அது ஜெபமில்லை சுருட்டை, அதை நான் உன்னிடம்தான் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். உன்கிட்ட என்றில்லை, இவகிட்ட என்றல்லவா வாயில் வந்தது? சுருட்டையிடம் என்றால் அதைச் சொல்லியிருக்கவே மாட்டாள்.