நீலச் சட்டைக்கு ஒரு நூல்

மகனின் நீலச் சட்டையைத் தோய்க்காமலே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வசந்தமலர் சுரங்க ரயிலில் ஏறினாள். பக்கத்தில் துஷாந்த், அவளுடைய மகன் தக்சனின் சிநேகிதன். சித்திரை பிறந்தும் ஒஸ்லோத் தெருவோரங்களில் அழுக்குப் பனி கிடந்தது.

"எனக்கென்னத்துக்கு மாமி உந்தச் சடங்கு?"

"உன்ரை உயிரும் அங்கைதான் நிக்குது. நீ நித்திரை கொள்ளுறேல்லையெண்டு கொம்மா அழுகிறா. வந்து பேசாமல் இரு."

போன நத்தார் விடுமுறைக்கு இருவரும் தாய்லாந்துக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. உடைந்த காலுடன் துஷாந்த் மட்டும் திரும்பினான். அலை அடித்ததில் பிரிந்துவிட்டோம் என்பதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கிடைத்த உடல்களை அடையாளம் காண்பதற்குத் தக்சனின் பல்துலக்கியைப் பொலிஸார் கேட்டார்கள். "அவன் வந்தால் எதாலை பல்லு மினுக்கிறது?" என்று வசந்தமலர் கொடுக்க மறுத்துவிட்டாள்.

முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் அவளோடு வேலை செய்கிறவள் பிம். தாய்லாந்தின் வடகிழக்கிலே பிறந்தவள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும் தூரப் பயணம் போய் வந்தவர்களுக்கும் அவர்கள் ஒரு சடங்கு செய்வார்களாம். பயணத்தில் உயிரின் துண்டுகள் வழிவழியே தங்கிவிடும். அவற்றைப் பேர் சொல்லி அழைத்து, திரும்பவும் ஓடிப்போகாதபடி மணிக்கட்டில் வெள்ளை நூலால் கட்டவேண்டும். வர முடியாதவர்களுக்காக அவர்களின் உடுப்பை வைத்தாலும் போதும். அதைக் கேட்ட நாளிலிருந்து வசந்தமலருக்கு வேறு நினைப்பே இல்லை.

பிம்மின் வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்து, நடுவில் பெரிய தட்டு வைத்திருந்தார்கள். வாழையிலையைக் கூம்பு கூம்பாக மடித்துக் கோபுரம் கட்டி, பூச் செருகி, நூல்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். அடியில் அவித்த முட்டையும் சோறும். சுற்றிவர தாய்லாந்துக்குப் போய் வந்த நோர்வேக்காரர் நாலைந்து பேர்.

"ஒரு ஆளுக்கு முப்பத்திரண்டு உயிராம்," என்றார் அவர்களில் ஒரு கிழவர், நோர்வேஜிய மொழியில். "என்ரை பாதி அங்கை மதுக்கடையிலை இருக்கும். பில்லு கட்டாமல் விடமாட்டாங்கள்."

"அதுகளை நாங்கள் கூப்பிடேல்லை," என்றாள் பிம். "அதுகள் அங்கையே கிடக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். வசந்தமலரும் சிரித்து வைத்தாள். பிறகு பையைத் திறந்து, சட்டையைத் தட்டின் ஓரத்தில் விரித்து, கையால் தடவிச் சுருக்கம் எடுத்தாள்.

அழைக்கிறவர் பிம்மின் மாமா. ஊரிலிருந்து வந்திருந்தார். சட்டையைக் கண்டதும் கையைத் தூக்கி நிறுத்திவிட்டு, பிம்மிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"சட்டைக்காரன் உயிரோடை இருக்கிறானோ எண்டு கேக்கிறார்," என்றாள் பிம்.

"ஓம். இருக்கிறான்."

"குறை நினையாதேங்கோ. செத்தவையை இதிலை கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் போற வழி மறந்து, வரவும் ஏலாமல் போகவும் ஏலாமல் வாசலிலையே நிப்பினம். அதுதான் திரும்பவும் கேக்கிறார்."

"உயிரோடை இருக்கிறான் எண்டு சொல்லு."

மாமா தலையாட்டிக் கைகளைக் குவித்தார். அவர் வாய் திறக்குமுன் துஷாந்த் எட்டிச் சட்டையைத் தன் பக்கம் இழுத்தான்.

"கூப்பிட வேண்டாம் மாமி."

"விடடா."

"வாசலிலை நிக்க விடாதேங்கோ அவனை. நான் கண்டனான்."

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அவன் கீழை தகரத்துக்குள்ளை அம்பிட்டுக் கிடந்தான். முகம் கண்டனான். கண் திறந்தபடி. உயிரில்லை, மாமி. பிறகு தண்ணி இழுத்துக்கொண்டு போட்டுது."

சொல் விளங்காவிட்டாலும் கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"சத்தம் போட்டவனோ?" என்று கேட்டாள் வசந்தமலர்.

"இல்லை."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வந்தனான். வரேக்கையெல்லாம் நீங்கள் அவன்ரை கட்டிலுக்கு விரிப்பு மாத்திக்கொண்டு நிண்டனீங்கள்."

வசந்தமலர் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எலும்பு தெரிகிற கை, ஒட்டிப்போன கன்னம். இத்தனை மாதமும் அந்தக் கண்ணைத் தனியே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

"இவன் உயிரோடை இருக்கிறான்," என்றாள் பிம்மிடம். "இவனைக் கூப்பிடச் சொல்லு."

மாமா அழைத்தார். காடு, ஆறு, கடற்கரை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழைக்கிறார் என்று பிம் வசந்தமலரின் காதருகே சொன்னாள். முடிந்ததும் தட்டிலிருந்து ஒரு நூலை உருவி வசந்தமலரிடம் நீட்டினாள்.

"நீங்களே அவனுக்குக் கட்டுங்கோ."

வசந்தமலர் கை நீட்டவில்லை. எழுந்து, மகனின் சட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, தட்டுக்கு எட்டாமல் சுவரோரம் போய் நின்றாள். சாவு விழுந்த வீட்டார் நல்ல காரியத்தில் கை வைப்பதில்லை. செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்தே துடக்கு.

"எனக்குத் துடக்கு," என்றாள். அந்தச் சொல்லுக்கு நோர்வேஜிய மொழியில் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. துஷாந்துக்கு விளங்கியது. அவன் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான்.

"என்ரை கை படக்கூடாது, பிம். நீ கட்டு. இறுக்கிக் கட்டு."