பாம்புச்செவியின் தீர்ப்பு

மச்சினன் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தபோதே, பாம்புச்செவி மனதுக்குள் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பாம்புச்செவி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பகலில் அவர் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவர். ஆனால் ஒலிச் சாதனங்களுக்கென்றே வரும் ஒரு மாதப் பத்திரிகையில் அந்தப் புனைபெயரில் ஒரு பக்கம் எழுதுவார். விலை உயர்ந்த சிடி பிளேயர் எதுவானாலும் அவர் வீட்டு முன்னறைக்கு வந்து, அவர் காதில் விழுந்து, அவர் வாயால் 'தேவலை' என்று பெயர் வாங்கினால்தான் கடையில் நகரும். பிடிக்காவிட்டால் தயவு தாட்சண்யம் கிடையாது. ஒரு பிளேயரை 'மூக்கடைத்தவன் பாடுவதுபோல்' என்று எழுதியதில், அதைத் தருவித்தவர் வேறு வியாபாரத்துக்கே போய்விட்டார்.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் நிலையான வேலையை உதறிவிட்டு, இரண்டு நண்பர்களோடு ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு சிடி பிளேயர் செய்திருந்தான். அலுமினியத்தைக் குடைந்து செய்த உடம்பு. தூக்கினால் இடுப்பைப் பிடிக்கும் கனம். நகரத்தின் பெரிய கடைக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். பாம்புச்செவி நன்றாக இருக்கிறது என்று எழுதட்டும், கடையின் கண்ணாடி அறையில் நடுவில் வைக்கிறேன். எழுதாவிட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான் என்பது அந்த மூவருக்கும் தெரியும், பாம்புச்செவிக்கும் தெரியும்.

சொந்தக்காரன் பொருளை நீங்களே எடைபோடலாமா என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டதற்கு, "சொந்தக்காரன்னாதான் சார் கூடுதலா உரசிப் பார்ப்பேன்" என்றார் இவர். அந்தப் பதிலில் அவருக்கே ஒரு கிறக்கம் இருந்தது.

மச்சினன் பெட்டியை இறக்கி வைத்து, இவருடைய பழைய ஆம்ப்ளிஃபயரின் பின்னால் குனிந்து ஒயர்களைச் செருகினான். சிடி என்று போட்ட துளையில் இவருடைய பழைய பிளேயர் இருந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வெளிநாட்டுச் சரக்கு. ஒவ்வொரு புதிய பிளேயரையும் அதோடு ஒப்பிட்டுத்தான் எழுதுவார். மற்றத் துளைகளில் ஒன்றை டிவி பிடித்திருந்தது, இன்னொன்று துருப்பிடித்துக் கிடந்தது. மீதி இருந்தது டேப் ரெக்கார்டருக்கான துளை. அதில் செருகி, முன்னால் டேப் பட்டனை அமுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"அத்தான், ஒரு சின்ன விஷயம். முன்னாடி இந்த டேப் பட்டன் இருக்கு பாருங்க, இது அமுங்கி இருந்தா…"

"டேய், நான் இந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கினப்போ நீ அரை டிராயர் போட்டுக்கிட்டு மூக்கை உறிஞ்சிக்கிட்டிருந்தே. எனக்குப் பட்டன் சொல்லித் தர்றியா? கிளம்பு, நான் பார்த்துக்கறேன்."

அவன் அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சரிங்க பாம்பு சார்" என்று கும்பிடு போட்டுக் கிளம்பினான்.

பாம்புச்செவியின் முறை தனி. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வாங்குவார். ஒன்றைப் பழைய பிளேயரில், ஒன்றைப் புதியதில் போட்டு, இரண்டு கட்டை விரலாலும் ஒரே சமயத்தில் தட்டி ஓடவிடுவார். பிறகு ஆம்ப்ளிஃபயரில் எந்தப் பிளேயர் ஒலிக்க வேண்டும் என்று மாற்றும் திருகை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி மாற்றி மாற்றிக் கேட்பார். சிடி என்ற இடத்தில் பழசு; அதற்கு அடுத்த இடத்தில் புதுசு இருக்கும் என்று அவராகவே எடுத்துக்கொண்டார். வயலினும் ஒரு பெண்குரலும் உள்ள தட்டு. திருகைத் திருப்பினால் பாட்டு ஓர் இமைப்பொழுதுகூடப் பிசகாமல் தொடர்ந்து ஓடியது. வழக்கமாக அரைத் தாளமாவது துள்ளும். இந்தத் தடவை தன் கட்டை விரல்கள் இரண்டும் இவ்வளவு கச்சிதமாக வேலை செய்ததில் அவருக்குத் தனிப் பெருமை.

கட்டுரை கையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. 'புதிய பிளேயரில் பாடகி கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறாள். பழையதற்கு மாறியதும் கண்ணாடி விலகுகிறது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். புதியவன் படித்த பிள்ளைதான். ஆனால் ரத்தம் சுண்டிய பிள்ளை.' கடைசி வரியை மனைவியிடம் படித்துக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, என் தம்பியாச்சே, கொஞ்சம் பார்த்து எழுதக்கூடாதா என்றாள். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று சொல்லிக் கட்டுரையை அனுப்பிவிட்டார்.

கட்டுரை அச்சுக்குப் போகும் முன்பே கடைக்காரர் தாமே ஒருமுறை கேட்டுவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். மச்சினனும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சோபாவின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தான். பாம்புச்செவி தட்டுகளை ஓடவிட்டு, திருகைத் திருப்பத் திருப்ப, கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே போனார்.

"இப்போ புதுசு. கேக்குறீங்களா, அந்த வயலின் கொஞ்சம் வறட்டுன்னு? இப்போ பழசு. ஈரம் வந்துடுச்சா?"

"அடேயப்பா, ஆமா" என்று கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "தண்ணி தெளிச்ச மாதிரி இருக்கு."

மச்சினன் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான். பையன் மனம் விட்டுப்போய்விட்டான் என்று நினைத்துப் பாம்புச்செவிக்குச் சற்று இரக்கம்கூட வந்தது.

கடைக்காரர் பையிலிருந்து தன் சொந்தத் தட்டு ஒன்றை எடுத்தார். பழைய பிளேயரில் இதை மட்டும் ஒருமுறை கேட்க ஆசை என்றார். பாம்புச்செவி இரண்டையும் நிறுத்தினார். அந்தத் தட்டைப் பழையதில் போட்டார். திருகைச் சிடியில் வைத்துத் தட்டினார்.

சத்தமே இல்லை.

பிளேயரின் முகத்தில் எண்கள் ஓடின, தட்டு சுழல்கிறது. வால்யூமை ஏற்றினார். மேலும் ஏற்றினார். சமையலறையில் குழாய் சொட்டுவதுதான் கேட்டது. கடைக்காரர் இருமினார். மச்சினன் எழுந்து வந்து ஆம்ப்ளிஃபயரின் முன் மண்டியிட்டான். அவன் விரல் டேப் பட்டனுக்கு மேலே போய் நின்றது. பட்டன் உள்ளே அமுங்கி இருந்தது. அவன் நிமிர்ந்து இவர் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தான்.

"பின்னாடி ஒயர் லேசா நழுவியிருக்கு, அத்தான்" என்றான். ஒரு கையைப் பின்னால் விட்டுத் துழாவுகிற மாதிரி துழாவினான். இன்னொரு கையால் பட்டனைத் தட்டினான்.

டக் என்று ஒரு சின்னச் சத்தம். அடுத்த கணம் பாட்டு இடி மாதிரி வெடித்துக் கிளம்பியது. கடைக்காரர் சோபாவை விட்டே துள்ளிவிட்டார். ஆனால் பாம்புச்செவியின் காதில் அந்த டக் மட்டும்தான் தெளிவாக விழுந்தது. பாட்டு விழவில்லை.

"இதுதான் சார் உயிர்!" என்றார் கடைக்காரர். பிறகு மச்சினனின் தோளைத் தட்டி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்னும் கொஞ்சம் மெருகேற்றிக்கொண்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பக்குவமாகச் சொன்னார். மச்சினன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பாம்புச்செவி வாயைத் திறந்தார். கடைக்காரர் செருப்பு மாட்டும் வரைக்கும் அந்த வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. மச்சினன் பெட்டியை நாளைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, அக்கா போட்ட சோற்றைத் தொடாமல், கடைக்காரரோடேயே இறங்கிப் போய்விட்டான்.

முன்னறையில் தனியாக உட்கார்ந்து பாம்புச்செவி பட்டனை அமுக்கினார். புதியதை ஓடவிட்டுத் திருகைத் திருப்பினார். எந்த இடத்தில் வைத்தாலும் டேப் துளையில் இருந்த அதே பிளேயர், அதே பாட்டு. பட்டனை எழுப்பிவிட்டுத் திருப்பினார். சிடியில் பழசு, அடுத்த இடத்தில் ஒன்றுமே இல்லை, துருப்பிடித்த துளையின் வெறும் மௌனம்.

அவருக்குக் காது மடல் சுட்டது. அத்தனை நாளும் அவர் கேட்டது மச்சினனின் பிளேயரை மட்டும்தான். கண்ணாடிக்குப் பின்னால் நின்றவளும் அவள்தான், கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்தவளும் அவள்தான். ஒரே பிள்ளையை ஒரு கன்னத்தில் அறைந்து, மறு கன்னத்தில் முத்தம் கொடுத்திருக்கிறார். மூக்கடைத்தவன் என்று எழுதி விரட்டினாரே, அந்தப் பிளேயருக்கு உண்மையிலேயே மூக்கு அடைத்திருந்ததா? இப்போது யாரைக் கேட்பது?

மனைவி வந்து நின்றாள். ஏன் சாப்பிடவில்லை என்று தம்பியைப் படியில் கேட்டாளாம். "'அத்தான் எழுதினது சரிதான்க்கா, இன்னும் வேலை இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போறான்" என்றாள்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பட்டனைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஆம்ப்ளிஃபயரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ இத்தனை வருஷமா, 'உஸ், கேட்டுக்கிட்டிருக்கேன்'னு என்னை மிக்சி போட விடாம வச்சீங்களே. அது எதுக்குங்க?"

அவள் உள்ளே போய் மிக்சியைப் போட்டாள். அரைப்பதற்கு ஏதாவது இருந்ததா என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் அலுவலகத்திலிருந்து ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஆசிரியர் கொஞ்சமும் பதறவில்லை. கட்டுரையை எடுத்துவிட்டு வேறு ஒன்று போட்டால் போகிறது, இதைப் போய் வெளியே சொல்வார்களா என்றார். "உங்க மச்சினன்தானே? வாயைத் திறக்க மாட்டான்."

"மாட்டான் சார். அதான் பிரச்னை" என்றார் பாம்புச்செவி.

சாயங்காலம் மச்சினன் பெட்டியை எடுக்க வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பாம்புச்செவி அவன் எதிரிலேயே கடைக்காரரைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னார். நீங்கள் கேட்ட வறட்டு வயலினும் ஈர வயலினும் ஒரே பிளேயர்தான் என்றும் சொல்லி முடித்தார்.

"எனக்கு அப்பவே ஒரு சின்ன சந்தேகம் இருந்துச்சு சார்" என்றார் கடைக்காரர். மச்சினன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. "சரி, இதை உங்க பத்திரிகைப் பக்கத்துல, உங்க பேர்ல எழுதுவீங்களா? எழுதினா நடு மேசையில வைக்கிறேன். தண்ணி தெளிச்ச கதை மட்டும் வேண்டாம்."

"எழுதுறேன்."

போனை வைத்தார். பிறகு, ஏன் மறைத்தாய் என்று மச்சினனைக் கேட்டார்.

"உங்க முகம் போன போக்கைப் பார்த்தேன் அத்தான். வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன். பெருந்தன்மைன்னு நினைக்காதீங்க. கீழ போய் ஸ்கூட்டரை ஓங்கி ஒதைச்சேன். கால் பெருவிரல் இன்னும் வீங்கியிருக்கு."

செருப்புக்கு வெளியே அந்த விரல் தெரிந்தது. பாம்புச்செவி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பட்டன்… அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தியே. இப்போ சொல்லு."

அவன் சொன்னான். அமுங்கினால் என்னுடையது, எழும்பினால் உங்களுடையது, அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளை மாதிரி அவர் ஒருமுறை திருப்பிச் சொன்னார். பிறகு நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எழுதுவதற்கு முன்னால் ஒழுங்காக ஒருமுறை கேட்டாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒலியை அடியோடு இறக்கி, பட்டனை இரண்டு மூன்று முறை தட்டிவிட்டு, அப்புறம் ஏற்று என்றார். மனைவியும் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

பாட்டு வந்தது.

"இது எது அத்தான்?"

"தெரியலை."

இறங்கி, ஏறியது.

"இது?"

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "தெரியலைடா."

மறுபடியும் இறங்கி, ஏறியது. இந்தத் தடவை அந்தப் பெண்குரல் அறைக்குள் நடந்து வந்து, அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"இது பழசு" என்றார். "இது நிச்சயமா பழசுதான். வித்தியாசம் நல்லாத் தெரியுது."

பின்னால் மனைவி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"போன தடவைக்கும் இதுக்கும் நடுவுல நான் ஒண்ணுமே மாத்தலை, அத்தான்" என்றான் மச்சினன் மெதுவாக. "ரெண்டுமே என்னோடதுதான்."

பாம்புச்செவி திரும்பவில்லை. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த ஓர் இடம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, பாட்டு முடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

"அதையும் எழுதணும்" என்றார்.